மூணாவது டம்ளர்

சூளைமேட்டுல கிணறே இல்லாத ஒரு கிணத்துத் தெரு இருக்கு, அந்தத் தெருவுல பதினேழாம் நம்பர் காம்பவுண்டு, அந்தக் காம்பவுண்டுல மாடிக்குப் போற ஒரே ஒரு படிக்கட்டு, அந்தப் படிக்கட்டுலதான் நாங்க பாதி வாழ்க்கையை வாழ்ந்தோம், ஏன்னா எங்க வீடுங்க ஆளுங்களை எண்ணும்.

குடி வர்ற அன்னைக்கு எல்லாரும் பால் காய்ச்சுவாங்கல்ல, எங்க காம்பவுண்டுலயும் காய்ச்சுவோம். பால் பொங்கி வரும்போது ஓனரம்மா லோகநாயகி வாசப்படிக்கு வெளியே நின்னு "எத்தனை பேர்?"னு ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க, வந்தவங்க ஒரு எண்ணைச் சொல்லுவாங்க, சொன்ன எண்ணுக்குத் தக்கபடி விளக்கு முன்னாடி டம்ளர் வச்சுப் பாலை ஊத்துவாங்க. அவ்வளவுதான். அன்னையிலேருந்து அந்த வீட்டுக்குள்ள அத்தனை பேர்தான் இருக்க முடியும். கூட ஒரு ஆள் வாசப்படி தாண்டிக் காலை வச்சா, வச்ச கால் படிக்கட்டுலதான் போய் நிக்கும். வலிக்காது, தலை சுத்தாது, உள்ளே போறோம்னு நெனச்சுப் போவோம், பார்த்தா படிக்கட்டுல நின்னு செவுத்தைப் பார்த்துட்டு இருப்போம். கையை மட்டும் நீட்டிப் பார்த்தாலும் அதே கதைதான், நீட்டின கை சுத்திக்கிட்டு வந்து நம்ம தோளையே தட்டும்.

ஏன் இப்படின்னு கேட்டா யாருக்குத் தெரியும்? ஓனரம்மாவோட மாமனார் கட்டின வீடு, அந்த மனுஷன் செங்கல்லுலேருந்து கறிவேப்பிலை வரைக்கும் எண்ணித்தான் வாங்குவாராம், அதுக்கு மேல எனக்குத் தெரியாது, தெரிஞ்சு ஆகப்போறதும் ஒண்ணுமில்ல. இந்த ஊர்ல வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்க இதைப் பெரிய குறையா நெனக்க மாட்டாங்க. ஒரு வீட்டுல கறி சமைக்கக் கூடாது, ஒரு வீட்டுல ஆணி அடிக்கக் கூடாது, ஒரு வீட்டுல ஒன்பது மணிக்கு மேல கேட்டைத் திறக்கக் கூடாது, ஒரு வீட்டுல நீங்க என்ன ஆளுங்கன்னு வாயைத் திறந்தே கேப்பாங்க, ஒரு வீட்டுல கேக்காமலே தெரிஞ்சுக்குவாங்க. எங்க வீடு எண்ணிக்கை மட்டும்தான் பார்க்கும், வேற எதையும் பார்க்காது.

அதனால நாங்க பழகிட்டோம். கேஸ் சிலிண்டர் போடுறவர் வாசப்படியில வச்சு காலால உருட்டி விட்டுட்டுப் போயிடுவார், ஏன்னா சாமானை வீடு எண்ணாது. பிளம்பர் வந்தா ஒருத்தர் வெளியே வரணும், அப்பத்தான் அவர் உள்ளே போவார், அவருக்கே தெரியும், வரும்போதே "ஒரு ஆள் வெளிய வாங்க"ன்னுதான் குரல் குடுப்பார். சொந்தக்காரங்க வந்தா படிக்கட்டுல பாய் விரிச்சு சோறு போடுவோம். முதல் மாடியில எனக்கு எதிர்ல குடியிருக்கிற எஸ்தர் பிரசவ வார்டுல நர்ஸு, தனி ஆளு, ஒத்த டம்ளர் வச்சவ. அவ தங்கச்சி கிறிஸ்துமஸுக்கு வந்தா ரெண்டு பேரும் படியில உக்காந்துதான் கேக் சாப்பிடுவாங்க. நான் தவமணி, ஜாக்கெட் தைக்கிறவ. நானும் என் வீட்டுக்காரருமா ரெண்டு டம்ளர் வச்சுக் குடி வந்தோம், வந்து பதினோரு வருஷம் ஆச்சு, அவர் போயி ஆறு வருஷம் ஆச்சு, அவர் இடம் வீட்டுக்குள்ள அப்படியே காலியாத்தான் கிடந்துச்சு. யாராவது விருந்தாளி வந்துட்டா காம்பவுண்டுல "தவமணி வீட்டுல ஒரு ஆள் காலி"ன்னு சொல்லுவாங்க, நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவேன், ஒருத்தரையும் உள்ளே விட மாட்டேன். எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்.

ஓனரம்மா கீழ் வீடு. நாலு ரூம், பெரிய ஹால், தனி ஆளு. அந்த வீட்டுக்கு ஒத்த டம்ளர். அது முதல்லேருந்தே அப்படி இல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்க மகன் கண்ணப்பன் தனக்குப் பிடிச்ச பொண்ணைக் கட்டிக்கிட்டு மாலையோட வந்து நின்னான். போடா வெளியேன்னு அனுப்பிட்டு, அன்னைக்குச் சாயங்காலமே இந்தம்மா அடுப்பைப் பத்தவச்சு, பாலைக் காய்ச்சி, தன்னைத்தானே எத்தனை பேர்னு கேட்டு, ஒருத்தின்னு தானே பதில் சொல்லி, ஒரே ஒரு டம்ளரை வச்சாங்க. அதுக்கப்புறம் கண்ணப்பன் மூணு தடவை வந்தான். கடைசித் தடவை இடுப்புல ஒரு பையன். மூணு தடவையும் வாசப்படி தாண்டிக் காலை வச்சான், கீழ் வீட்டுக்குப் படிக்கட்டு கிடையாதே, மூணு தடவையும் தெருவுல போய் நின்னான். மறுபடி ஒரு தடவை பால் காய்ச்சினா முடிஞ்சிடும்னு அவங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரு சொல்றது? நாங்களே மாசம் ஒண்ணாந்தேதி வாசல்ல நின்னு வாடகையைக் குடுத்துட்டு வர்றவங்க, அந்த ஹால்ல என்ன கலர் தரை போட்டிருக்குன்னுகூட எனக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் ரெண்டாவது மாடி காலியாச்சு, புரோக்கர் ஒருத்தர் ஒரு புருஷன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தார். லிங்கதுரை, பிரம்மசக்தி, திருச்செந்தூர்ப் பக்கம். அவனுக்குப் பாலம் கட்டுற கம்பெனியில சர்வேயர் வேலை, இங்க மாத்திட்டாங்க. முப்பத்தோரு வீடு பார்த்தாங்களாம். முப்பத்தோரு வீட்டுலயும் மாடி ஏறி இறங்கி, ஒரு வீட்டுல வாசல்லயே தண்ணி குடுத்து அனுப்பி, ஒரு வீட்டுல சரின்னு சொல்லி மறுநாள் போன் எடுக்காம, லாட்ஜுல இருபது நாள் கிடந்து, அந்தப் பொண்ணு மூஞ்சி வெளுத்துப் போய் எங்க படிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வந்தா. எனக்குப் பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. துணி தைக்கிறவளுக்கு இடுப்பளவு கண்ணுலயே தெரியும், மூணு மாசம்.

மறுநாள் பால் காய்ச்சினாங்க. எஸ்தரும் நானும் படியில நின்னோம். பால் பொங்குச்சு, ஓனரம்மா எத்தனை பேர்னு கேட்டாங்க, அந்தப் பொண்ணோட கை வயித்துப் பக்கம் ஒரு தடவை போச்சு, போன கையை இழுத்து முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டா. புரோக்கர் சொல்லிக் குடுத்திருக்கான். எத்தனை பேர்னு கேட்டாக் குறைச்சுச் சொல்லுங்க, பச்சப்புள்ள வரப்போகுதுன்னு தெரிஞ்சா தண்ணி செலவாகும், அழுகை கேக்கும்னு வீடு தர மாட்டாங்க, குடி வந்தப்புறம் யாரு எண்ணப் போறாங்கன்னு. இந்த ஊர்ல வாடகைக்கு வர்ற அத்தனை பேரும் சொல்ற பொய்தான், நானே வேற வீட்டுல சொல்லியிருக்கேன். ஆனா எங்க வீடு எண்ணும்னு அந்தக் கமிஷன் தின்னவன் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. லிங்கதுரை "ரெண்டு பேர்தாம்மா"ன்னான். ரெண்டு டம்ளர் வச்சாங்க. எனக்குத் தெரியும், தெரிஞ்சே நான் வாயைத் திறக்கல. திறந்தா அவங்களுக்கு வீடு போயிடுமேன்னு நெனச்சேன்னு இன்னைக்குச் சொல்லிக்கலாம், உண்மையில அடுத்தவங்க விஷயத்துல நமக்கென்னன்னுதான் நின்னேன்.

குடி வந்த வாரமே சக்தியோட அண்ணன் அரிசி மூட்டையோட வந்து, உள்ளே காலை வச்சு, படிக்கட்டுல நின்னான். மறுபடி வச்சு மறுபடி நின்னான். அப்பத்தான் நான் மேல போய் எல்லாத்தையும் சொன்னேன். சக்தி கேட்டுக்கிட்டே இருந்தா, கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, வயித்துல இருக்கிறதை வீடு எப்பலேருந்து எண்ணும்னு. எனக்கு எப்படித் தெரியும், இந்தக் காம்பவுண்டுல நான் வந்ததுலேருந்து பிரசவமே நடந்ததில்லையே.

எட்டாவது மாசம் தெரிஞ்சுபோச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில லிங்கதுரை உள்ளே பேப்பர் படிச்சுட்டு இருக்கான், இவ மாடியில துணி காயப் போட்டுட்டு இறங்கி வந்து உள்ளே போனா, படிக்கட்டுல நிக்கிறா. கையில வெறும் பக்கெட். என் வாசலுக்கு வந்து நின்னா, அழல.

"எக்கா, எம்பிள்ளைய எண்ணிட்டுக்கா. நான் உள்ள போனேன், வெளிய நிக்கேன்"னா.

அன்னையிலேருந்து அவ உள்ளே இருந்தா அவன் வெளியே. அவளும் புள்ளையுமாச் சேர்ந்து ரெண்டு பேர், கணக்கு நிறைஞ்சுபோச்சு. வேலை முடிஞ்சு வந்து அவன் வாசல்லயே தட்டை வாங்கிச் சாப்பிடுவான், அவ உள்ளே உக்காந்து சாப்பிடுவா, நடுவுல வாசப்படி. மொட்டை மாடியில போய்ப் படுத்துக்குவான். ஓனரம்மா கண்ணுல பட்டா ஏன் மாடியில படுக்கிறேன்னு கேள்வி வரும், கேள்வி வந்தா பொய் வெளியே வரும், பொய் வெளியே வந்தா நெறமாசத்துல அந்தப் பொண்ணு மறுபடி முப்பத்தோரு வீட்டு மாடி ஏறணும். அதனால எஸ்தரும் நானும் முறை வச்சுக் காவல் இருந்தோம். ஓனரம்மா படியேறுற சத்தம் கேட்டா எஸ்தர் இருமுவா, நான் மிஷினை வேகமா மிதிப்பேன், அவன் பாயைச் சுருட்டிக்கிட்டு தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போயிடுவான். ஒரு சர்வேயர், ஊரையே அளக்கிறவன், தொட்டிக்குப் பின்னாடி குந்தி உக்காந்திருப்பான்.

ஒரு தடவை திருட்டுத்தனமா பால் காய்ச்சிப் பார்த்தாங்க. அவ உள்ளே அடுப்பைப் பத்தவச்சு, மூணு டம்ளர் வச்சு, வாசல்லேருந்து எஸ்தர் எத்தனை பேர்னு கேட்டு, இவ மூணுன்னு சொல்லி, எல்லாம் முறையாத்தான் நடந்துச்சு. லிங்கதுரை மூணாவது டம்ளரைக் கையில வாங்கிக்கிட்டு சாமி கும்பிட்டு உள்ளே காலை வச்சான். படிக்கட்டுல நின்னு பாலைக் குடிச்சுட்டு டம்ளரைத் திருப்பிக் குடுத்தான். ஓனர் கேட்டாத்தான் கேள்வி, நாங்க கேட்டா அது வெறும் விசாரிப்பு போலிருக்கு.

அப்படின்னா ஓனரம்மாகிட்ட சொல்லிடுங்கன்னு எஸ்தர் சொன்னா. சொல்லாதீங்கன்னு நான் சொன்னேன். பெத்த மகனையே தெருவுல நிறுத்தினவங்க வாடகைக்கு வந்தவனை என்ன பண்ணுவாங்கன்னு நான்தான் சொன்னேன், நல்லாக் கேட்டுக்கோங்க, நான்தான் சொன்னேன்.

ஐப்பசி பொறந்து மழை பிடிச்சுக்கிச்சு. மொட்டை மாடியில அவன் படுக்க வழியில்ல, படிக்கட்டுலயும் சாரல். ரெண்டு நாள் நனைஞ்சான், மூணாவது நாள் காய்ச்சல் வந்துச்சு. நான் கதவைத் திறந்து, அவன் மூஞ்சியைப் பார்க்காமலே, உள்ளே வந்து ஹால்ல படுன்னேன். வந்தான். வாசப்படி அவனை விட்டுச்சு. என் வீட்டுக்காரர் இடத்துல ஒரு ஆள் வந்து படுத்துட்டான்னு அன்னைக்கு நான் மிஷின் மேல தலையை வச்சு அழுதேன், அவனுக்குக் கேக்காம அழுதேன். காலையில எழுந்து அவன் என் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக் குடுத்தான்.

அந்த மழை நிக்கல. நாலாவது நாள் மத்தியானம் தெருவுல முட்டியளவு தண்ணி, கரண்ட் இல்ல, ஓனரம்மா வீட்டுக்குள்ளயும் கணுக்கால் வரைக்கும் ஏறிடுச்சு. லிங்கதுரையும் எஸ்தரும் நானும் கீழே போய் நின்னோம், உதவி பண்ணலாம்னுதான், ஆனா அந்த வீடு ஒருத்திக்கு மேல விடாதே. அரிசி டப்பாவையும் துணி மூட்டையையும் அந்த வயசுல அவங்களே இழுத்து இழுத்துக் கட்டில் மேல ஏத்துறாங்க, நாங்க வாசலுக்கு வெளியே தண்ணியில நின்னு, அதை எடுங்க, இதைத் தூக்குங்கன்னு வாயால மட்டும் சொல்லிட்டு இருக்கோம். அவங்க எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அப்பத்தான் ரெண்டாவது மாடியிலேருந்து சக்தி கத்தினா.

மூணு பேரும் ஓடினோம். கதவு திறந்துதான் கிடந்துச்சு. வாசல்லேருந்து நாலு தப்படியில, ஹால்ல, சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா, பனிக்குடம் உடைஞ்சு தரையெல்லாம் ஈரம். லிங்கதுரை உள்ளே பாய்ஞ்சான், படிக்கட்டுல நின்னான், மறுபடி பாய்ஞ்சான், மறுபடி நின்னான், ஆறு தடவை ஏழு தடவை பாய்ஞ்சான். எஸ்தர் கையை நீட்டினா, கை வந்து அவ தோளையே தட்டுச்சு. நகர்ந்து வெளியே வந்துடும்மான்னு நான் சொன்னேன். அவ முயற்சி பண்ணினா, ஒரு தப்படி வர்றதுக்குள்ள வலி பிடிச்சு அப்படியே உறைஞ்சுட்டா. புடவையை வீசறேன், பிடிச்சுக்க, இழுத்துடறோம்னு லிங்கதுரை முடிச்சுப் போட ஆரம்பிச்சான், எஸ்தர் அவன் கையைத் தட்டி விட்டா. தலை இறங்கிடுச்சு, இப்ப இழுத்தா ரெண்டு உயிரும் போயிடும்னா. ஆம்புலன்ஸுக்கு அடிச்சா மெயின் ரோட்டைத் தாண்ட முடியலன்னு சொல்றாங்க. பதினஞ்சு வருஷமா ஆயிரம் குழந்தையைக் கையில வாங்கினவ நாலு தப்படி தூரத்துல நின்னு, மூச்சை விடு, இப்ப முக்காதேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா, அவ கை ரெண்டும் சும்மா ஆடுது. அந்தக் கையைப் பார்க்க என்னால முடியல.

பின்னாடி சத்தம் கேட்டுத் திரும்பினா ஓனரம்மா நிக்கிறாங்க. புடவை முட்டி வரைக்கும் நனைஞ்சிருக்கு. உள்ளே பார்த்தாங்க, அந்த வயித்தைப் பார்த்தாங்க, எங்க மூணு பேர் மூஞ்சியையும் ஒண்ணொண்ணாப் பார்த்தாங்க.

"ரெண்டு பேர்னு சொன்னீங்க"ன்னாங்க.

லிங்கதுரை அப்படியே படியில உக்காந்து அவங்க கால் கிட்டக் கையை வச்சான். பொய் சொல்லிட்டோம்மா, நாளைக்கே காலி பண்ணிடுதோம், எங்கயாவது போயிடுதோம், இப்ப மட்டும் கேளுங்க, ஒரே ஒரு தடவை கேளுங்கன்னான். ஓனரம்மா காலைப் பின்னாடி இழுத்துக்கிட்டாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், பதினோரு வருஷக் கோவம், வாசல்ல நின்னு வாடகை குடுத்த கோவம், ரெண்டு டம்ளர் வச்ச அன்னைக்கு நான் வாயை மூடிட்டு நின்னேனே அந்தக் கோவமும் சேர்ந்து வந்துச்சு.

"இந்தாம்மா, நீங்க கேக்கலன்னா இந்தக் குழந்தையும் தெருவுலதான் போய் நிக்கும். ஒரு பேரப்புள்ளை நின்னது பத்தாதா உங்களுக்கு?"ன்னேன்.

சொன்ன உடனே செத்தோம்னு நெனச்சேன். அவங்க கண்ணு என் மேலயே இருந்துச்சு. அப்புறம் எஸ்தர்கிட்டத் திரும்பி, பால் இருக்கான்னு கேட்டாங்க.

எஸ்தர் வீட்டுல அரை பாக்கெட் இருந்துச்சு. அவளோட சின்ன சிலிண்டர் அடுப்பைக் கொண்டாந்து பத்தவச்சு, பால் பாத்திரத்தை மேல வச்சு, வாசப்படியில இறக்கி, ஒட்டடைக் குச்சியால மெல்லத் தள்ளினோம். சாமானை வீடு எண்ணாதே, அது போச்சு. சக்தி பக்கத்துல, கைக்கெட்டுற தூரத்துல போய் நின்னுச்சு. பால் காயிற வரைக்கும் நாங்க பட்டது போதும். கரண்ட் இல்லாத வீட்டுல அந்த ஒரு நீலத் தீதான் வெளிச்சம், வெளியே மழை, ரெண்டு வலிக்கு நடுவுல அவ வெளியே விடுற மூச்சு, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவுல இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருது, பால் மட்டும் அசையாம ஏடு கட்டிக்கிட்டு நிக்குது. லிங்கதுரை அவ பேரை மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தான்.

எஸ்தர் மெதுவாச் சொன்னா, மூணு பத்தாதுன்னு. மூணுன்னு சொன்னா ஒரு ஆள்தான் உள்ளே போக முடியும், குழந்தையை வாங்க நான் போகணும், பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும், சுடுதண்ணி வைக்க ஒரு ஆள் வேணும்னா. ஓனரம்மா அதைக் கேட்டாங்க, கேட்டுட்டுத் திரும்பி விறுவிறுன்னு படியிறங்கிப் போயிட்டாங்க. போயிட்டாங்கய்யா. பால் ஓரத்துல நுரை கட்ட ஆரம்பிக்குது, கேள்வி கேக்க வேண்டியவங்க படியிறங்கிப் போயிட்டாங்க. நான் வாய்விட்டுத் திட்டினேன், என்னென்ன திட்டினேன்னு இங்க சொல்ல முடியாது.

தண்ணியில கால் அளையிற சத்தம் கீழே கேட்டுச்சு, அப்புறம் பாத்திரம் உருள்ற சத்தம், அப்புறம் மூச்சு வாங்க வாங்கப் படியேறி வர்ற சத்தம். மடி நிறைய டம்ளர். எல்லாம் பேர் வெட்டின எவர்சில்வர் டம்ளர், எட்டு வருஷமா யாரும் தொடாம பரண்ல கிடந்தது. ஏழு இருந்துச்சு. ஒவ்வொண்ணா வாசப்படியில வச்சு உருட்டி விட்டாங்க, அது உருண்டு போய் சக்தி கால்ல இடிச்சு நின்னுச்சு. பால் பொங்கி வழிஞ்சு தீ சீறிச்சு. ஓனரம்மா வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க.

"எத்தனை பேர்மா?"

சக்தி டம்ளரை ஒண்ணொண்ணா நிமிர்த்தி வச்சா. வைக்கும்போதே சொல்லிக்கிட்டு வச்சா. நான், எம்பிள்ள, அவுக, எஸ்தரக்கா, தவமணியக்கா, நீங்கன்னு ஆறு வரைக்கும் வந்தா. ஏழாவதைக் கையில எடுத்துப் பார்த்து, அதுல வெட்டியிருந்த பேரை அந்த நீலத் தீ வெளிச்சத்துல படிச்சா.

"கண்ணப்பன். ஏழு பேர்மா"ன்னா.

ஏழுலயும் ஊத்தினா, டம்ளருக்கு ரெண்டு வாய் பால்கூட வந்திருக்காது. எஸ்தர் காலை வச்சா. படிக்கட்டு வரல. அதுக்கப்புறம் நாங்க எப்படி உள்ளே போனோம், யாரு முதல்ல, யாரு அடுத்து, எனக்கு ஞாபகமில்ல, நான் தண்ணி வச்சேன், லிங்கதுரை அவ முதுகைத் தாங்கிப் பிடிச்சான், ஓனரம்மா தன் புடவை நனையாத பக்கத்தைக் கிழிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கால் மணி நேரத்துல பொண்ணு பொறந்தா. பொறந்ததும் வீறிட்டு அழுதா, அந்த அழுகைக்குத்தான் இந்த ஊர்ல வீடு தர மாட்டாங்கன்னு புரோக்கர் சொன்னானே, அந்த அழுகையைக் கேட்டு ஓனரம்மாவும் சேர்ந்து அழுதாங்க.

காலி பண்ணச் சொல்லல. அதைப் பத்திப் பேச்சே எடுக்கல. ஏழு டம்ளர் வச்ச வீடுங்கிறதால அதுக்கப்புறம் காம்பவுண்டுல எந்த விசேஷம்னாலும் ரெண்டாவது மாடியிலதான் நடந்துச்சு, எஸ்தர் தங்கச்சி முதல் தடவையா நாற்காலியில உக்காந்து கேக் சாப்பிட்டா. ஓனரம்மா தினமும் காலையில குழந்தையைக் குளிப்பாட்ட மேல வருவாங்க, குளிப்பாட்டிட்டுக் கீழே போய் அந்த ஒத்தை ஆள் வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்குவாங்க. தைப் பொங்கலுக்கு வாங்கன்னு கண்ணப்பனுக்கு லிங்கதுரைதான் போன் பண்ணினான். ரெண்டாவது மாடிக்கு வாங்க, அங்க உங்களுக்கு இடம் இருக்குன்னு. நாங்க மூணு பேரா வருவோமே, ஒரு இடம்தானே இருக்குன்னு அவன் கேட்டிருக்கான், நாங்க ரெண்டு பேர் வெளிய நின்னுக்கிடுதோம், எங்களுக்குப் பழக்கம்தான்னு இவன் சொல்லியிருக்கான். சொன்னதை ஓனரம்மா கேட்டுட்டுத்தான் படியிறங்கிப் போனாங்க.

பொங்கலுக்கு மொத நாள் காலையில என்னைக் கூப்பிட்டு, வீட்டுல இருக்கிற டம்ளரைக் கொஞ்சம் கொண்டா, என் டம்ளர் எல்லாம் மேல போயிடுச்சுன்னாங்க. என்கிட்ட ரெண்டுதான், என்னோடதும் அவரோடதும், அவரோடதை வச்சுட்டு என்னோடதை எடுத்தேன். எஸ்தர்கிட்ட நாலு, சக்திகிட்ட நாலு வாங்கித் தட்டுல வச்சுக் கொண்டு போனேன். கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்துச்சு, அந்தம்மா உள்ளே தனியா உக்காந்து அடுப்புல பாலைப் பார்த்துட்டு இருந்தாங்க. தட்டை வாசப்படிக்குள்ள தள்ளினேன். லிங்கதுரை, எஸ்தர், நான், கைக்குழந்தையோட சக்தி, நாலு பேரும் வாசல்ல நின்னோம், தெருமுனையில ஆட்டோவுலேருந்து கண்ணப்பன் பொண்டாட்டி புள்ளையோட இறங்கி, வரலாமா வேண்டாமான்னு தெரியாம அங்கேயே நிக்கிறான்.

பால் நுரை கட்டி மேல வந்துச்சு. ஓனரம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாங்க. அன்னைக்குத் தன்னைத்தானே கேட்டுக்கிட்டாங்களே, இன்னைக்கு அவங்களுக்கு வாய் வரல. கேக்க வேண்டியது ஓனர், இங்க பதில் சொல்ல வேண்டியதே ஓனர், அவங்களை யாரு கேக்குறது? பால் வழிய ஆரம்பிச்சுடுச்சு. சக்தி குழந்தையைத் தோள்ல சாத்திக்கிட்டு ஒரு அடி முன்னாடி வந்து வாசல் நிலையைப் பிடிச்சா, அன்னைக்கு அவங்க பிடிச்ச மாதிரியே பிடிச்சா.

"எத்தனை பேர்மா?"ன்னு கேட்டா.

ஓனரம்மா டம்ளரை வைக்க ஆரம்பிச்சாங்க. தனக்கு ஒண்ணு, தெருமுனையில நிக்கிற மூணு பேருக்கு மூணு, சக்திக்கு, லிங்கதுரைக்கு, குழந்தைக்கு, எஸ்தருக்கு. எட்டு. நானும் கூடவே எண்ணிக்கிட்டு வர்றேன், எட்டோட சரின்னு மீதி டம்ளரோட தட்டை வாங்கக் கையை நீட்டினேன், நீட்டின கை வந்து என் தோளைத் தட்டுச்சு. அவங்க தட்டுலேருந்து இன்னும் ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பார்த்தாங்க, அதுல என் வீட்டுக்காரர் ஆசையா வெட்டிக் குடுத்த என் பேரு இருந்துச்சு, அதையும் வரிசையில வச்சாங்க.

"ஒன்பது"ன்னாங்க.

பாலை ஊத்தினாங்க. கண்ணப்பன் ஓடி வர்ற சத்தம் எனக்குப் பின்னாடி கேட்டுச்சு. வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறியே, போ தவமணின்னு எஸ்தர் முதுகுல தள்ளினா. செருப்பைக் கழட்டிட்டு, பதினோரு வருஷம் வாடகை குடுத்த வாசப்படியைத் தாண்டிக் காலை வச்சேன். தெரு வரல. அந்த ஹால்ல சிவப்புத் தரை போட்டிருந்தாங்க.